டர்போ சரக்கு வண்டிக்கு எந்த மீட்டர் வேண்டும்?

நம் சங்க உறுப்பினர்களில் பலர் இன்று சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்திருக்கிறோம். விருதுநகர் பருப்பு, எண்ணெய், வற்றல். மதுரை கீழமாசி வீதிச் சரக்கு. திருச்சி காந்தி மார்க்கெட் வெங்காயம் என்று எல்லாம் நம் வண்டியிலேயே வந்து இறங்குகின்றன. லாரி ஆபீஸை நம்பிக் காத்திருந்த காலம் போய்விட்டது. ஆனால் வண்டி வாங்கியபோது விலை பேசிய அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக்கூட, அந்த வண்டியின் என்ஜின் எப்படி இருக்கிறது என்று சொல்லும் மீட்டர்களிடம் நாம் காட்டுவதில்லை. அடியேனும் அப்படித்தான் இருந்தேன். பட்டுத் தெரிந்துகொண்டதை உறுப்பினர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முள் கீழே இறங்கிய கதை

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது நடந்தது. விருதுநகரில் துவரம்பருப்பும் எண்ணெய் டின்களும் ஏற்றிக்கொண்டு எங்கள் வண்டி மதுரை, மேலூர் வழியாக வந்துகொண்டிருந்தது. கடையில் சரக்கு தீர்ந்துவிட்டது. நானும் ஓட்டுநருக்கு மூன்று முறை போன் போட்டு, "எங்கப்பா வர்றே, சீக்கிரம் வா" என்று விரட்டிக்கொண்டிருந்தேன்.

கீழவளவு தாண்டியதும் ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் ஒன்று பிளந்து, தண்ணீர் முழுவதும் ரோட்டில் போய்விட்டது. டேஷ்போர்டில் இருந்த ஹீட் மீட்டர் முள் மேலே ஏறவில்லை. கீழே இறங்கிவிட்டது. ஓட்டுநர் அதைப் பார்த்தார். வண்டி குளிர்ச்சியாக இருக்கிறது என்று எண்ணி மேலும் சில கிலோமீட்டர் ஓட்டினார். திருப்பத்தூர் வருவதற்குள் என்ஜின் இறுகி நின்றது.

"முள்ளு கீழதானே முதலாளி கிடந்துச்சு. சூடே இல்லைன்னு நெனச்சேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கே அன்றுவரை அது தெரியாது. ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், டர்போவும் போய், எல்லாம் சரிசெய்து எடுக்க ஒரு லட்சத்துக்குச் சில ஆயிரம்தான் குறைந்தது. தீபாவளிச் சரக்கை வேறு வண்டி பிடித்து மாற்றி ஏற்றி வந்தது தனிச் செலவு.

தண்ணீரில் நனைந்திருக்கும் வரைதான் அந்தச் சென்சார் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் வடிந்துவிட்டால் அதைச் சுற்றிக் காற்றுதான். காற்று சூட்டைச் சரியாகக் கடத்தாது. அதனால் என்ஜின் இரும்பு கொதித்துக்கொண்டிருந்தாலும் முள் கீழே விழக்கூடும். நன்றாக ஓடிச் சூடேறிய வண்டியில் உச்சி வெயிலில் முள் திடீரென்று கீழே இறங்கினால் அது நல்ல செய்தி அல்ல. உடனே ஓரம் கட்ட வேண்டிய செய்தி. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் இந்தக் கட்டுரை எழுதியதற்குப் பலன் கிடைத்துவிடும்.

டர்போ என்றால் என்ன?

டீசல் எரிய காற்று வேண்டும். அதிகக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால் அதிக டீசலை எரிக்கலாம். அதே அளவு என்ஜினில் அதிக இழுவை கிடைக்கும். இப்படிக் காற்றை அழுத்தித் தள்ளும் கருவிக்குப் பொதுப்பெயர் சூப்பர்சார்ஜர். என்ஜினின் சுழற்சியிலிருந்து பெல்ட் அல்லது பற்சக்கரம் மூலம் ஓடுவது ஒரு வகை. அது நம் சாலைச் சரக்கு வண்டிகளில் அபூர்வம். மற்றொரு வகை, சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகையின் வேகத்தாலேயே சுற்றுவது. இதைத்தான் டர்போ என்கிறோம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

2005-ல் வந்த டாடா ஏஸ் முதல் மாடலில் டர்போ கிடையாது. 2011-ல் வந்த அசோக் லேலண்டு தோஸ்த் மூன்று சிலிண்டர் டர்போ டீசல். இன்று நாம் வாங்கும் டீசல் பிக்கப்பும் லாரியும் ஏறக்குறைய எல்லாமே டர்போதான். டர்போவுக்காக வெளிநாட்டைப் பார்க்க வேண்டிய நிலையும் இல்லை. 1982-ல் தொடங்கிய டர்போ எனர்ஜி நிறுவனம் நம் தமிழ்நாட்டிலேயே தயாரிக்கிறது.

டர்போவுக்குள் இருக்கும் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. ஒரு பக்கம் நெருப்புப் போன்ற புகை, மறுபக்கம் வெளிக்காற்று. நடுவில் அந்தத் தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. எண்ணெய் சில நொடி வராமல் போனாலும் பேரிங் தேயும். ஆகவே டர்போ வண்டிக்காரர் கவனிக்க வேண்டியவை மூன்று: எண்ணெய் அழுத்தம், சூடு, டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்.

விளக்கு போதாதா?

"அதுதான் கம்பெனியே சிவப்பு விளக்கு வைத்திருக்கிறதே?" என்று கேட்கலாம். விளக்கு வேண்டியதுதான். ஆனால் அது இரண்டே சொல் பேசும்: உண்டு, இல்லை. ஆயில் விளக்கு பெரும்பாலான வண்டிகளில் அழுத்தம் அரை பார் அளவுக்கு விழுந்த பிறகுதான் எரியும். ஓட்டத்தில் மூன்று, நான்கு பார் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை பார் இருந்தாலும் விளக்கு வாய் திறக்காது. சிவப்பு விளக்கு எரிவதும் என்ஜின் கெடுவதும் சில நேரம் ஒன்றாகவே நடந்துவிடும்.

டேஷ்போர்டில் உள்ள ஹீட் மீட்டரையும் முழுதாக நம்ப முடியாது. பல புதிய வண்டிகளில், சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது நிலைமை முற்றிப் போயிருக்கும். எண் போட்ட தனி மீட்டர் 85, 90, 95 என்று படிப்படியாகச் சொல்லும். கல்லாவில் பணம் குறைவது அன்றன்று தெரிவதற்கும், ஆண்டு முடிவில் கணக்கர் வந்து சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

எதை முதலில் வாங்குவது?

கடையில் பெட்டி பெட்டியாகக் காட்டுவார்கள். எல்லாம் வாங்க வேண்டாம். தேவைப்படும் வரிசை இது:

1. ஆயில் பிரஷர் மீட்டர். இதுதான் முதல். 0 முதல் 7 பார், அல்லது 0 முதல் 10 பார் அளவுள்ளது போதும். டயருக்குக் காற்று அடிக்கும்போது 'பவுண்டு' என்கிறோமே, அந்தக் கணக்கில் ஒரு பார் என்பது பதினாலரைப் பவுண்டு.

2. ஹீட் மீட்டர், அதாவது தண்ணீர்ச் சூட்டைக் காட்டுவது. 40 முதல் 120 டிகிரி வரை எண் போட்டதாக இருக்கட்டும். இதோடு, தண்ணீர் இல்லாவிட்டாலும் சத்தம் போடும் ஓர் அலாரம் சேர்ப்பது மிக நல்லது. வளையம் போன்ற சிறு சென்சார் ஒன்றைச் சிலிண்டர் ஹெட்டின் வெளிப்புறத்தில் உள்ள சிறிய பிராக்கெட் போல்ட்டுக்கு அடியில் மாட்டுகிறார்கள். அது இரும்பின் சூட்டையே அளக்கும். தண்ணீரை நம்பி இருக்காது. ஆனால் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் பெரிய போல்ட்டுகளைத் தொடக் கூடாது. என் வண்டியில் அன்று இது இருந்திருந்தால் தீபாவளி தீபாவளியாக இருந்திருக்கும்.

3. பூஸ்ட் மீட்டர், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம். 0 முதல் 2 பார் அளவுள்ளது சரக்கு வண்டிகளுக்குப் பொதுவாகச் சரியாக இருக்கும். வண்டி இழுவை குறைந்தது, டீசல் அதிகம் குடிக்கிறது என்ற வழக்குகளுக்கு இது சாட்சி சொல்லும்.

4. வோல்ட் மீட்டர். விலை குறைவு. டைனமோவும் பேட்டரியும் எப்படி என்று காட்டும்.

5. புகைச் சூட்டு மீட்டர். சைலன்சர் பக்கம் போகும் புகையின் சூட்டை அளப்பது. காரைக்குடியிலிருந்து மதுரை, திருச்சி, விருதுநகர் என்று சமவெளியில் ஓடும் வண்டிக்கு இது கட்டாயம் இல்லை. கொடைக்கானல், கொல்லிமலை, போடிமெட்டு என்று பாரத்தோடு மலை ஏறும் வண்டிக்கும், பம்ப்பில் டீசல் அளவைக் கூட்டி வைத்த பழைய வண்டிக்கும் அவசியம்.

ஏர் பிரேக் உள்ள லாரிகளில் ஏர் மீட்டர் கம்பெனியே வைத்திருக்கும். அது வேலை செய்யாவிட்டால் மேலே சொன்ன எதையும் வாங்குவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். மற்றவை என்ஜினைக் காக்கும். ஏர் மீட்டர் ஆளைக் காக்கும்.

குழாய் மீட்டரா, வயர் மீட்டரா?

மீட்டரில் இரு வகை. ஒன்றில் எண்ணெயோ காற்றோ மெல்லிய குழாய் வழியாக மீட்டருக்கே வரும். உள்ளே வளைந்த பித்தளைக் குழல் ஒன்று இருக்கும். அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும். அந்த அசைவு முள்ளைத் திருப்பும். பிரான்சு நாட்டு யூஜின் பூர்தோன் 1849-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றும் மாறவில்லை. கேஸ் வெல்டிங் சிலிண்டரிலும் பஞ்சர் கடை காற்று டாங்கியிலும் இருப்பது இதுவே. மின்சாரம் வேண்டாம், நம்பகமானது. ஆனால் ஆயில் குழாயை ஓட்டுநர் அறைக்குள் கொண்டுவந்தால், அது உடைந்த அன்று கொதிக்கும் எண்ணெய் ஓட்டுநர் காலில் கொட்டும். காற்றுக்குக் குழாய் மீட்டர், எண்ணெய்க்கு வயர் மீட்டர் என்று வைத்துக்கொள்வது என் கருத்து.

குழாய் வகை ஹீட் மீட்டரில் குமிழும் குழாயும் மீட்டரும் ஒரே துண்டாக மூடி வரும். குழாய் நீளமாக இருக்கிறதென்று வெட்டினால் மீட்டரே போயிற்று. மிச்சத்தைப் பெரிய வளையமாகச் சுற்றிக் கட்டி வையுங்கள்.

வயர் மீட்டர் வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். முதலாவது, 12 வோல்ட்டா 24 வோல்ட்டா? பிக்கப் போன்ற சிறு வண்டிகள் பொதுவாக 12. பெரிய லாரிகள் 24. மாற்றிப் போட்டால் மீட்டர் கருகும், அல்லது பொய் சொல்லும். இரண்டாவது, சென்சாரும் மீட்டரும் ஒரே ஜோடியா? ஒரு கம்பெனி மீட்டருக்கு வேறு கம்பெனி சென்சார் போட்டால் முள் நகரும். ஆனால் காட்டுவது சரியாக இராது. வேறு கடைக்காரரின் தராசில் நம் படிக்கல்லை வைப்பது போல என்று நினைக்காதீர்கள். படிக்கல் எங்கும் ஒரே எடை. சென்சார் அப்படி அல்ல. ஜோடியாகவே வாங்கி, பில்லும் வாங்கி வையுங்கள். 1975 முதல் கோயம்புத்தூரில் வண்டி மீட்டர் தயாரிக்கும் ப்ரிக்கால் போன்ற, ஊர் பேர் தெரிந்த தயாரிப்பாக இருந்தால் நாளைக்குச் சென்சார் மட்டும் தனியாக வாங்கவும் முடியும். பெயர் இல்லாத மலிவுச் சரக்கில் அந்த வசதி இல்லை.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

பொருத்துவது மெக்கானிக்கும் எலக்ட்ரீசியனும் செய்யும் வேலை. ஆனால் முதலாளி பக்கத்தில் நின்று பார்த்தால் வேலை வேறு மாதிரி நடக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. பார்க்க வேண்டியவை இவை.

முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும். மீட்டருக்கான மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் வரும் வயரிலிருந்து, தனி ஃபியூஸ் வைத்து எடுக்க வேண்டும். வயர்கள் தகட்டின் ஓட்டை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் புஷ் போட வேண்டும். இல்லையென்றால் தகட்டின் விளிம்பு நாளடைவில் வயரை அறுத்துத் தீப்பிடிக்கும். டர்போவுக்கும் புகைக்குழாய்க்கும் அருகில் எந்த வயரும் குழாயும் போகக் கூடாது.

ஆயில் சென்சார் போட, கம்பெனி ஸ்விட்ச் இருக்கும் ஓட்டையில் ஒரு 'டி' இணைப்பு போட்டு, பழைய ஸ்விட்சும் புதுச் சென்சாரும் இரண்டும் இருக்கும்படி செய்ய வேண்டும். விளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டர் வைப்பது தவறு. ஓட்டுநர் முள்ளைப் பார்க்காத நேரத்தில் விளக்குதான் கூப்பிடும். கனமான சென்சாரை என்ஜினில் நேராகத் தொங்கவிட்டால் அதிர்வில் இணைப்பு முறியும். ஒரு சிறிய அழுத்த ஹோஸ் போட்டு, சென்சாரைச் சட்டத்தில் கிளாம்ப் வைத்து நிறுத்துவது நல்லது. அப்படிச் சட்டத்தில் வைத்தால் அதற்குத் தனி எர்த் வயர் கொடுக்க வேண்டும்.

ஒற்றை வயர்ச் சென்சார் தன் மறையின் வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. மறை முழுக்க டெஃப்லான் டேப்பைச் சுற்றி இறுக்கினால் எர்த் கிடைக்காமல் மீட்டர் தப்பாகக் காட்டும். "மீட்டர் சரியில்லை" என்று திரும்பக் கொண்டுபோகும் மீட்டர்களில் சில, எர்த் சரியில்லாதவையே.

ஹீட் சென்சார், தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில், ஹெட்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கத்தில், தெர்மோஸ்டாட்டுக்கு முன் இருக்க வேண்டும். ரேடியேட்டரின் கீழ்ப்பக்க ஹோஸில் வைத்தால் ஆறிப்போன தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும்.

பூஸ்ட் மீட்டருக்கான காற்றை இன்டர்கூலருக்கு அப்பால், என்ஜினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து எடுக்க வேண்டும். டர்போவின் பக்கத்தில் இருக்கும் சிறு டப்பாவுக்குப் போகும் மெல்லிய ஹோஸ் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதென்று அதில் இணைப்பார்கள். விடாதீர்கள். அழுத்தம் மிகும்போது கதவைத் திறந்துவிடும் ஹோஸ் அது. அதில் ஒரு சிறு கசிவு இருந்தாலும் கதவு தாமதமாகத் திறந்து, டர்போ அளவுக்கு மேல் தள்ளும்.

புகைச் சூட்டு மீட்டருக்கு மேனிஃபோல்டில் துளை போட வேண்டும். டர்போவைக் கழற்றாமல் துளை போட்டால் இரும்புத் தூள் நேரே டர்போ சக்கரத்தில் போய் விழும். லட்சம் சுற்றுச் சுற்றும் சக்கரத்துக்கு ஒரு துணுக்கு போதும். கழற்றித்தான் துளைக்க வேண்டும். சென்சார் டர்போவுக்கு முன் இருந்தால் உண்மையான சூடு தெரியும். பின்னால் இருந்தால் நூறு டிகிரிக்கு மேலும் குறைத்துக் காட்டும். இந்தச் சென்சார் இரு வேறு உலோகக் கம்பிகள் சேர்ந்த முனை. சூட்டில் மிகச் சிறு மின்சாரம் உண்டாகும். ஆகவே அதோடு வந்த வயரைத்தான் பயன்படுத்த வேண்டும். சாதாரணச் செம்பு வயரை ஒட்டி நீட்டினால் அளவு மாறிவிடும்.

மீட்டர்களை எங்கே வைப்பது? சாலையை மறைக்காமல், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினால் தெரியும் இடத்தில். கண்ணாடிப் பக்கம் சாமி படமும் எலுமிச்சம்பழமும் இருக்கட்டும்; மீட்டர் அங்கே வேண்டாம். ஒரு நல்ல உபாயம் உண்டு. ஓட்டத்தில் முள் நிற்கும் இடம் எல்லா மீட்டரிலும் நேர் மேலே வரும்படி மீட்டரைச் சற்றுத் திருப்பி வைத்துவிட்டால், ஓட்டுநர் எண் படிக்கவே தேவையில்லை. எல்லா முள்ளும் மேலே பார்த்தால் நலம். ஒன்று சாய்ந்திருந்தால் கவனி.

புதிய வண்டிக்காரர்களுக்கு

2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்தவை பி.எஸ். 6 வண்டிகள். இவற்றில் ஒவ்வொரு சென்சாரும் கம்ப்யூட்டருடன் பேசுகிறது. அந்த வயர்களை அறுத்து மீட்டர் இணைத்தால் வண்டி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், உத்தரவாதமும் போகலாம். உத்தரவாதக் காலம் முடியும்வரை கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் சோதனைச் சாக்கெட்டில் செருகிச் சூடு, பூஸ்ட், வோல்ட் முதலியவற்றைத் திரையில் பார்க்கும் கருவிகள் இருக்கின்றன. உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்று அங்கேயே கேட்டு வாங்குங்கள். அறுக்காமல் பார்க்கும் வழி அதுதான்.

முள் சொல்வதைப் படிப்பது

மீட்டர் போட்ட முதல் வாரம், காலி வண்டியிலும் முழுப் பாரத்திலும் எந்த முள் எங்கே நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிற்பாடு ஒப்பிட அதுதான் ஆதாரம். வண்டிக் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவே முடிவானது. பொதுவான அளவுகள் இவை:

ஆயில்: சூடேறிய பின் நின்ற ஓட்டத்தில் ஒரு பார் அளவு, சாலை ஓட்டத்தில் மூன்று முதல் ஐந்து பார். மாதாமாதம் மெல்லக் குறைந்தால் பேரிங் தேய்கிறது, அல்லது எண்ணெயில் டீசல் கலக்கிறது. திடீரென்று விழுந்தால் அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்த வேண்டும். "அடுத்த ஊர் வரை" என்ற பேச்சே கூடாது.

சூடு: 80 முதல் 95 டிகிரி சாதாரணம். 105 தாண்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். 110 தொட்டால் நிறுத்த வேண்டும். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக் கூடாது. மூடியின் அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் தண்ணீர், திறந்த கணத்தில் முகத்தில் சீறும். முள் திடீரென்று கீழே விழுந்தால் என்னவென்று மேலேயே சொல்லிவிட்டேன்.

பூஸ்ட்: பாரத்தோடு மேடு ஏறும்போது வழக்கமான அளவு வரவில்லை, கரும்புகை வருகிறது என்றால் காற்றுப் பக்கம் கோளாறு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருக்கும். பூஸ்ட் குறைவு, புகையும் இல்லை என்றால் முதலில் டீசல் ஃபில்டரைப் பாருங்கள். இது தெரியாமல் நல்ல டர்போவைக் கழற்றி மாற்றியவர்கள் உண்டு.

வோல்ட்: ஓடும்போது 12 வோல்ட் வண்டியில் 14 அளவும், 24 வோல்ட் வண்டியில் 28 அளவும் இருக்க வேண்டும்.

புகைச் சூடு: டர்போவுக்கு முன் அளக்கும்போது 700 டிகிரிக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கும் எல்லை. ஏறினால் ஒரு கியர் குறைத்து, ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால் இறங்கும்.

மேலும் இரண்டு பழக்கம். ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்சிலரேட்டரை மிதிக்கக் கூடாது. ஆயில் முள் எழுந்த பிறகுதான். நீண்ட ஓட்டம் முடிந்து நிறுத்தும்போது இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே ஓடவிட்டு நிறுத்த வேண்டும். உடனே அணைத்தால், சுழன்றுகொண்டிருக்கும் டர்போவுக்கு எண்ணெய் நின்றுபோகும். உள்ளே மிஞ்சிய எண்ணெயும் சூட்டில் கரியாகும்.

ரேடியேட்டருக்கு வெறும் தண்ணீர் ஊற்றுவதையும் விடுங்கள். சம்பை ஊற்றுத் தண்ணீர் நம் குடிக்கத்தான். ரேடியேட்டருக்கு அதுவும் ஆகாது. போர் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உப்பும் துருவும் சென்சார் முனையில் படிந்தால் நல்ல மீட்டரும் பொய் சொல்லும். வண்டிக் கையேட்டில் சொன்ன கூலன்ட் ஊற்றி, சொன்ன காலத்தில் மாற்றினால் போதும்.

கடைசியாக, முதலாளிகளுக்கு

மூன்று மீட்டரும் அலாரமும் கூலியும் சேர்ந்து எனக்கு ஆன செலவு, இரண்டு மூட்டைத் துவரம்பருப்பின் விலைக்குள் அடங்கியது. ஆனால் மீட்டர் பொருத்திய பிறகுதான் எனக்கு வேறொன்று புரிந்தது.

அன்று நான் மூன்று முறை போன் போட்டிருக்காவிட்டால், முள் கீழே விழுந்ததைப் பார்த்த ஓட்டுநர் ஒரு நிமிடம் நிறுத்தி இறங்கிப் பார்த்திருப்பார். அவரே இதைப் பின்னால் சொன்னார். "நிறுத்தினா நீங்க சத்தம் போடுவீங்கன்னு இருந்துச்சு முதலாளி" என்றார். பார்த்தும் நிறுத்தத் துணிவில்லாத ஓட்டுநருக்கு மீட்டர் எத்தனை வைத்தாலும் பயன் இல்லை.

அன்று முதல் எங்கள் வண்டியில் ஒரு சட்டம். முள் சந்தேகமாக இருந்தால் நிறுத்தலாம். யாரையும் கேட்க வேண்டாம். நிறுத்திப் பார்த்ததில் ஒன்றுமில்லை என்றாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஓடும்போது போன் போடுவதையும் விட்டுவிட்டேன். சென்ற கோடையில் ஒரு நாள் ஓட்டுநர் மேலூர் அருகே நிறுத்திவிட்டு, தானே கூப்பிட்டார். ஹீட் முள் 105-க்குப் போய்விட்டது. பார்த்தால் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்றார். பெல்ட்டை மாற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தார். சரக்கும் வந்தது, வண்டியும் வந்தது.

மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுகிறோம். அந்தச் சமயத்திலேயே வண்டியின் மீட்டர்களையும் மெக்கானிக்கிடம் சரிபார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டால் மறக்காது. உறுப்பினர்கள் தங்கள் ஓட்டுநர்களுக்கும் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.